வலிய வந்தது

பிப்ரவரி. தார்த்து நகரில்
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
மூடிப்போன ரொட்டி ஆலையின் நிலவறையில்
எங்கள் நான்கு இயந்திரங்கள் மட்டும்
வெதுவெதுப்பாக இருக்கின்றன.
ஹெல்யே அவற்றின் மேல் கையுறைகளை உலர்த்துவாள்.

கடிதம் அங்கேதான் வந்தது.
உங்கள் தொண்டு பெரிது என்று தொடங்கி
இரண்டு சர்வர், மூன்று வருடம், காசு வேண்டாம்,
பராமரிப்பும் நாங்களே,
நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று முடிந்தது.
நடுவில் ஒரு வரி:
சாவிகளை மட்டும் அனுப்பிவைத்தால் போதும்.

அந்த 'மட்டும்' மேல்
வெகுநேரம் விரலை வைத்திருந்தாள் ஹெல்யே.

மேசையில் மின்கட்டண ரசீது.
அதன் கீழே போலீஸ் கடிதம்:
யாரோ எங்கள் வழியாக எங்கோ போய்
ஏதோ செய்துவிட்டார்களாம். யார் அது?
ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் எழுதுகிறேன்:
தெரியாது. தெரியாதபடிதான் கட்டியிருக்கிறோம்.

வலிய வரும் சீதேவியை உதைக்காதே
என்கிறது ஒரு மனம்.
குடுமி சும்மா ஆடுமா என்கிறது இன்னொன்று.
இரண்டும் என் கோப்பையிலேயே காப்பி குடிக்கின்றன.

யோசித்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.
பெயர் கேட்காமல் வழிவிடுவது எங்கள் வேலை.
அடிக்கிற புருஷனிடமிருந்து
ஊர்விட்டு ஊர் ஓடுகிறவள்,
சுரங்கத்தின் கள்ளக்கணக்கை வெளியே அனுப்பும் குமாஸ்தா
(வேறு மாதிரி ஆட்களும்தான், மறைப்பானேன்)
எல்லாரும் போகட்டும் என்று கதவைத் திறந்துவைத்துவிட்டு
கொடுக்க வந்தவரிடம் மட்டும்
அப்பா பெயர்வரை விசாரிக்கிறோம்.

சனிக்கிழமை அந்த முகவரிக்கே காரை ஓட்டினேன்.
டயர் கடை.
கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
ஆமாம், அந்தக் கம்பெனி பெயருக்குத் தபால் வரும்,
வியாழக்கிழமை ஒரு பையன் வந்து எடுத்துப்போவான்,
நல்ல பையன், வணக்கம் சொல்வான்.
வியாழன்வரை நான் காத்திருக்கவில்லை.
ஒளிந்திருந்து பார்ப்பவர்களுக்கு எதிராகத்தானே
இத்தனை வருடம் மின்கட்டணம் கட்டுகிறேன்.

கூடவே கூடாது என்று மேசையைத் தட்டியது மாதிஸ்.
மாதிஸ்!
ஆறு குளிர்காலங்களுக்கு முன்
கூப்பிடாமல் வந்து இந்தப் படியில் நின்றவன்.
உங்கள் மின்விசிறி தெருவரை முனகுகிறது என்றவன்.
அவன் முழுப்பெயர் எங்களுக்குத் தெரிந்ததே
மூன்றாம் வருடம், பனியில் வழுக்கிக் கால் முறிந்து
மருத்துவமனைப் படிவத்தை நான் நிரப்பியபோது.

அன்றைக்கு நீ மட்டும் யாராம்? என்றாள் ஹெல்யே.

அவன் காதைச் சொறிந்துகொண்டான்.
"நான் ஸ்க்ரூடிரைவர்தான் கேட்டேன்.
சாவி நீங்களாகக் கொடுத்தது.
அதுவும் நாலு வருடம் கழித்து."

பதில் எழுதினோம், மூன்று பேரும் மாறி மாறி அடித்துத் திருத்தி:
நன்றி. சாவி தருவதற்கில்லை.
உங்கள் இயந்திரங்களை நீங்களே ஓட்டுங்கள்,
பெயரோடோ பெயரில்லாமலோ.
அதற்கு யார் அனுமதியும் வேண்டாம், எங்களுடையதும்.
ஒரு வருடம் கழித்தும் ஓடினால்
காப்பிக்கு வாருங்கள்.

மறுமொழி இல்லை.

எமயோகி ஆற்றில் பனி உடைந்து நகர்ந்த வாரம்
பட்டியலில் புதிதாக ஒன்று முளைத்திருந்தது.
சின்னது. பெயர் கிடையாது, முகவரி கிடையாது.
இரவு பகலாக ஓடுகிறது.
அவரா? உளவு பார்க்கும் போலீஸா?
விடுதி அறையில் தூக்கம் வராத ஏதோ ஒரு மாணவியா?

மூன்று கை மாறும் பொட்டலம் இது.
ஒரு கை கெட்டதானாலும்
அனுப்பியவரும் பெறுபவரும் ஒன்றாய்ப் பிடிபடாதபடி
மடித்திருக்கிறது.
அந்த மடிப்பை நம்பினால் போதும்
என்று சொல்லிக்கொள்கிறேன்.
சொல்லிக்கொண்டே
தினமும் காலையில் முதல் வேலையாக
அது நின்றுவிட்டதா என்று பார்க்கிறேன்.

ஸ்க்ரூடிரைவரை மாதிஸ்
இன்னும் திருப்பித் தரவில்லை.